ஜன்னலோரத்துச் சூரியகாந்தி நாற்று நூலாக நீள்வது ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். வடசென்னை கொருக்குப்பேட்டையில் ஹவுசிங் போர்டு வீடு, இரண்டாவது மாடி, மேற்கு பார்த்த ஒரே ஜன்னல். மழை விட்டதும் மொட்டைமாடிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கார்த்திகைக் கடைசியில் எட்டு டீ கப்பில் எட்டு சூரியகாந்தி விதை போட்டிருக்கிறீர்கள். ஆறு முளைத்தது. பத்து நாளில் அரை அடி உயரத்துக்கு நூல் மாதிரி நீண்டு, எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டன. ஒன்று அடித்தண்டு அழுகி விழுந்துவிட்டது. "விதை சரியில்லையா? உரம் போடணுமா? மிச்சத்தைக் காப்பாற்ற முடியுமா?" என்று கேட்கிறீர்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக விதை போட்டிருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

விதையில் குறையே இல்லை. எட்டுக்கு ஆறு முளைத்தால் அது நல்ல விதை. உரமும் வேண்டாம். உங்கள் நாற்றுக்கு வெளிச்சம் போதவில்லை, அதுதான் நீண்டதற்குக் காரணம். அழுகியதற்குக் காரணம் தண்ணீர். மிச்சமிருக்கும் ஐந்தில் மூன்றையாவது தேற்றிவிடலாம். நான் தண்டையார்பேட்டையில் பதினெட்டு வருடமாக ஜன்னலிலும் மாடியிலும் செடி வளர்க்கிறேன். முதல் இரண்டு வருடம் என் சூரியகாந்தியும் இப்படித்தான் போயிற்று, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியது. கப்புகளை ஜன்னல் கம்பியை ஒட்டி, கம்பிக்கும் கப்புக்கும் நடுவில் ஒரு விரல்கூட இடைவெளி இல்லாமல் வையுங்கள். கப்பில் மேலே இடம் இருந்தால், சலித்த ஈர மண்ணைத் தண்டைச் சுற்றிப் போட்டு ஓர் அங்குலம் அணைத்துவிடுங்கள். விதையிலை (முளைத்ததும் முதலில் விரிகிற இரண்டு இலை) வரைக்கும் மூட வேண்டாம், தண்டு புழுங்கி அழுகும். துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி ஓரமாகக் குத்தி, பழைய பருத்தித் துணியைக் கிழித்துத் தளர்வாகக் கட்டுங்கள். தையல் நூல் வேண்டாம், இந்தப் பருவத்தில் தண்டை அறுத்துவிடும். நாளைக் காலை ஏழு மணிக்கு அந்தக் கப்புகளை அப்படியே ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு, உங்கள் பிளாக்கில் கிழக்கு பார்த்த படிக்கட்டுத் திறப்போ பொது வராந்தாவோ இருந்தால் அங்கே ஒரு மணி நேரம் வையுங்கள். யாராவது தட்டிவிடுவார்கள் என்று பயமாக இருந்தால் கூடவே நின்றுகொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் நாற்றுக்குப் பெரிய பலம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், வெளிச்சத்தை அளக்க நம் கண் லாயக்கில்லை. இருட்டுக்கும் வெயிலுக்கும் கண் தானாகவே சரிசெய்துகொள்வதால், "என் ரூம் நல்ல வெளிச்சமாகத்தான் இருக்கு" என்று நமக்குத் தோன்றும். அளந்து பார்த்தால் நிலைமை வேறு. மத்தியான வெயில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஜன்னலிலிருந்து நாலைந்து அடி உள்ளே தள்ளி வைத்த இடத்தில் சில நூறு லக்ஸ் இருந்தால் பெரிது. வயல்வெளிக்கென்றே பிறந்த செடிக்கு அது இருட்டறை. மண்ணுக்கடியில் இருக்கும் முளைக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும்: வெளிச்சம் கிடைக்கும் வரை தண்டை நீட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல வெயில் பட்டால் நீட்டுவதை நிறுத்திவிட்டுத் தண்டைத் தடிமனாக்கும், இலை விரிக்கும். உங்கள் அறையில் அதற்கு 'வெளியே வந்துவிட்டோம்' என்ற சேதியே கிடைக்கவில்லை. இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறோம் என்று நினைத்து, விதையில் இருந்த மொத்தச் சேமிப்பையும் தண்டிலேயே செலவழித்துவிட்டது.

சாய்வதும் அதே கதைதான். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழுந்தால், ஆக்சின் என்னும் வளர்ச்சி இயக்குநீர் நிழல் பக்கத்துக்கு நகர்ந்து சேரும். நிழல் பக்கத்துச் செல்கள் அதிகமாக நீளும், தண்டு வெளிச்சப் பக்கம் வளையும். தினம் ஒரு முறை கப்பைத் திருப்பி வைத்தால் நிமிரும், ஆனால் வெளிச்சம் கூடாமல் திருப்புவதால் மட்டும் நீள்வது நிற்காது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், அதாவது அறைப் பக்கம், ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையையோ வெள்ளைத் தாள் ஒட்டிய அட்டையையோ நிறுத்தி வையுங்கள். வந்த வெளிச்சம் திரும்பி அடித்துப் பின்பக்கமும் படும். செலவில்லாத வேலை, பலன் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது ஜன்னல் திசை. இதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்து எல்லோரும் ஏமாந்துபோவார்கள். "தெற்கு பார்த்த ஜன்னலில் வையுங்கள்" என்று எங்கும் எழுதியிருக்கும். அது வடக்கே தூரத்தில், குளிர் நாடுகளில் இருப்பவர்களுக்குச் சரி. நம் சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஏறக்குறைய நாலு மாதமும் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும்! மே மாதம் தெற்கு ஜன்னலில் வைத்த கப்பில் வெயிலே விழாது. அதுவே மார்கழியில் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும், உச்சிப்பொழுதிலும் 54 பாகை உயரம்தான். அப்போது தெற்கு ஜன்னலில் பகல் முழுக்க வெயில் இறங்கும். கிழக்கு ஜன்னல் வருடம் முழுக்க நம்பகமானது, காலை வெயில் நாற்றைச் சுடவும் சுடாது. உங்கள் மேற்கு ஜன்னலில் இப்போது இரண்டு மணிக்கு மேல்தான் வெயில் எட்டிப் பார்க்கும், ஆறுக்குள் பொழுது சாய்ந்துவிடும். எதிர் பிளாக் நாலு மாடி என்றால் அதுவும் மூன்றரைக்கே மறைந்துவிடும். வடசென்னைத் தெருக்களில் திசையைவிட எதிர்வீட்டுச் சுவர்தான் முக்கியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எந்த மணிக்கு ஜன்னல் திட்டில் வெயில் விழுகிறது, எந்த மணிக்குப் போகிறது என்று எழுதி வையுங்கள். நாலு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் ஜன்னலை மட்டும் நம்பி நாற்று வளர்க்க முடியாது.

அப்படியானால் வழி? டியூப் லைட்தான். பூச்செடிக்கென்று விற்கும் ஊதா வெளிச்ச விளக்கெல்லாம் இதற்குத் தேவையில்லை. வீட்டில் மாட்டுகிற 20 வாட் வெள்ளை எல்.இ.டி. பட்டி போதும். விஷயம் தூரத்தில் இருக்கிறது. கூரையில் எரியும் விளக்கு நாற்றுக்கு நட்சத்திரம் மாதிரி. அதைக் கப்புக்கு மேல் நாலு விரல், ஐந்து விரல் உயரத்துக்கு இறக்க வேண்டும். நான் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு, கால்களுக்கு நடுவே பட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். நாற்று உயர உயரக் கயிற்றை ஏற்றிக்கொண்டே போகலாம். விடிகாலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை, 14 மணி நேரம் எரியட்டும். இரவில் அணைத்துவிடுங்கள். ஒரு நாளைக்குக் கால் யூனிட்டைவிடச் சற்றுக் கூட, பத்து நாளைக்கு மூன்று யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பக்கத்தில் ஃபேன் இருந்தால் மெதுவாக ஓடவிடுங்கள், அல்லது போகும்போதும் வரும்போதும் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை லேசாக வருடிவிடுங்கள். கொஞ்சுவதற்காகச் சொல்லவில்லை. தொடுதலும் அசைவும் பட்ட தண்டு குட்டையாகவும் தடியாகவும் வளரும் என்று மார்க் ஜாஃபி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1973இல் எழுதினார். காற்றில்லாத அறையில் வளர்ந்த நாற்று நோஞ்சானாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, இத்தனை பாடுபட்டு ஏன் வீட்டுக்குள் வளர்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்வி. குளிர் நாட்டில் உறைபனிக்குப் பயந்து உள்ளே வளர்க்கிறார்கள். நமக்கு அந்தப் பனியும் இல்லை ஒன்றும் இல்லை. சூரியகாந்தி ஆணிவேர்ச் செடி, இடம் மாற்றுவதே அதற்குப் பிடிக்காது, நேரடியாகப் பெரிய தொட்டியில் விதைப்பதுதான் முறை. ஆனால் நம் பக்கத்தில் மாடியில் நேரடியாக விதைத்துப் பாருங்கள். பகலில் புறாவும் அணிலும், ராத்திரியில் எலி. எண்ணெய் நிறைந்த விதை என்பதால் எலிக்கு வாசனையே வழி காட்டிவிடும். ஒரு வருடம் தொட்டியில் பதினாறு விதை ஊன்றிவிட்டுக் கீழே வந்தேன். மறுநாள் காலை பதினாறு குழியும், பக்கத்தில் அழகாகக் கடித்துத் துப்பிய தோலும்தான் இருந்தன. முளைத்து வந்த விதையிலையையும் புறா கொத்திவிடும், மொத்தச் சத்தும் அதில்தானே இருக்கிறது. அத்துடன் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் விதைத்தால் ஒரே இரவில் மண்ணோடு அடித்துக்கொண்டு போகும். ஆகவே நமக்கு வீடு என்பது எலிக்கும் மழைக்கும் ஓர் ஒதுங்கிடம். பத்திலிருந்து பதினைந்து நாள், அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம். வீட்டுக்குள் சூரியகாந்தி வளர்ப்பதென்றால் சீக்கிரம் வெளியே அனுப்பத் தயார்செய்வதுதான். இது மனசில் இருந்தால் மற்ற முடிவெல்லாம் தானாக வரும்.

விதை பற்றி. சாப்பிடுவதற்கென்று பாக்கெட்டில் வரும் தோல் நீக்கிய பருப்பும், வறுத்ததும் முளைக்காது. கிளிக்குப் போடுகிற தோலோடு கூடிய விதை பெரும்பாலும் முளைக்கும். கொளத்தூர்ப் பக்கம் மீன், பறவை விற்கிற கடைகளில் நூறு கிராம் வாங்கினால் தெரு முழுக்கப் போடலாம். என்ன ரகம், எவ்வளவு உயரம் வரும் என்று மட்டும் தெரியாது. விவசாயிகள் போடும் எண்ணெய்வித்து ரகங்களில் மார்டன் என்று ஒன்று இருக்கிறது. குட்டை ரகம், மூன்றடிக்குள் நின்றுவிடும், 75, 80 நாளில் முடிந்துவிடும். மாடித் தொட்டிக்கு அதைவிட ஒத்துப்போகிற ஒன்றை நான் பார்த்ததில்லை. சூரியகாந்தி எண்ணெய்ப் பயிராக நம் நாட்டுக்கு வந்ததே 1969இல், சோவியத் ரஷ்யாவிலிருந்து. செடியின் பூர்வீகம் வட அமெரிக்கா. ஆனாலும் நம்மூர் விதைப்புப் பட்டங்களுக்கு நன்றாகவே பழகிவிட்டது. மழையை நம்பிப் போடும் மானாவாரிக்கு ஆடியும் கார்த்திகையும், தண்ணீர் பாய்ச்சும் இறவைக்கு மார்கழியும் சித்திரையும் என்று விதைக்கிறார்கள். மாடிக்காரர்களுக்கு என் அபிப்பிராயம் மார்கழி. தை, மாசி வெயிலில் செடி தேறும், பங்குனிக் கடும் வெயிலுக்குள் பூத்து முடிந்துவிடும். நீங்கள் தொடங்கிய காலம் அருமையான காலம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

யாராவது தோட்டத்திலிருந்து புதிதாகப் பறித்த பூவின் விதையைக் கொடுத்தால் உடனே போடாதீர்கள். பறித்த விதைக்கு ஒன்றரை மாதம் வரைக்கும் உறக்கம் உண்டு, ஈரம் பட்டாலும் எழாது. காயவைத்துப் பேப்பர் கவரில் போட்டு வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். சந்தேகமாக இருக்கும் விதையை, பச்சைப்பயறு முளைகட்டுகிற மாதிரி ஈரத்துணியில் சுற்றி இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்கலாம். வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் கப்பில் ஊன்றிவிட வேண்டும். வேர் ஓர் அங்குலம் ஓடியபின் எடுத்தால் ஒடிந்துவிடும்.

மண் கலவையில் ரொம்ப ஆராய்ச்சி வேண்டாம். தென்னைநார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. தென்னைநார்க் கட்டியை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றிப் பிழிந்து இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். அதில் உப்பு இருக்கும், முதல் தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் வரும், அது தெளிகிற வரைக்கும் அலசுங்கள். உப்பு என்றதும் இன்னொன்று. நம் பக்கத்தில் போர் தண்ணீர் பல இடத்தில் கடின நீர், கடலோரம் போகப் போக உப்புக் கரிக்கும். வளர்ந்த சூரியகாந்தி ஓரளவு உப்பைத் தாங்கும். நாற்றுக்கு அந்தத் தெம்பு இல்லை, இலை ஓரம் கருகும். மெட்ரோ தண்ணீரைக் குடத்தில் ஒரு ராத்திரி வைத்திருந்து ஊற்றுங்கள், மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து கழிந்து வரும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறார்கள், நாற்றுக்கு மட்டும் வேண்டாம், நல்ல தண்ணீர் போக மிச்ச உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். அரிசி கழுவிய தண்ணீரும் வீட்டுக்குள் இருக்கும் கப்புக்கு வேண்டாம். புளித்து நாறும், சின்னச் சின்னக் கொசு மாதிரிப் பூச்சி வரும், பூஞ்சணத்துக்கும் விருந்து.

அந்த அழுகிப்போன நாற்றுக்கு வருகிறேன். அடித்தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பாகி, இரண்டு விரலால் நசுக்கிவிட்ட மாதிரி சூம்பியிருந்ததா? மேலே இலை பச்சையாக இருக்கும்போதே பொத்தென்று சாய்ந்ததா? அப்படியானால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்ணில் வாழும் நோய்க்கிருமிகளின் வேலை. எந்த மண்ணிலும் கொஞ்சம் இருக்கும், ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் பெருகும். விழுந்த நாற்றுக்கு வைத்தியம் கிடையாது, கப்போடு எடுத்து வெளியே போட்டுவிடுங்கள், அந்த மண்ணை அடுத்த கப்புக்குக் கலக்காதீர்கள். மற்றவற்றுக்கு வராமல் தடுக்கலாம். எனக்கு ஒரு தடவை ஒரு நர்சரியில் வாங்கிய மூட்டை மண்ணால் இருபது நாற்றும் மூன்றே நாளில் போயின. பையைப் பிரித்தபோதே புளித்த வாடை அடித்தது, அலட்சியமாக இருந்துவிட்டேன். அதற்கப்புறம் எந்த மண்ணையும் மாடியில் ஒரு தார்ப்பாயில் பரப்பி, இரண்டு நாள் வெயிலில் காயவிடாமல் கப்பில் போடுவதில்லை. டிரைக்கோடெர்மா விரிடி என்று தூளாக ஒரு நன்மை செய்யும் பூஞ்சணம் உரக்கடையில் கிடைக்கிறது. விவசாயிகள் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைப்பார்கள். நாம் ஒரு பிடி மண்புழு உரத்தில் ஒரு ஸ்பூன் கலந்து மண்ணோடு சேர்த்தால் போதும்.

தண்ணீர் ஊற்ற நாள் கணக்கு கேட்காதீர்கள், கையில் எடை பாருங்கள். தண்ணீர் ஊற்றியவுடன் கப்பைத் தூக்கி அந்தக் கனத்தை மனசில் வையுங்கள். மறுநாள் தூக்கிப் பாருங்கள். வெறும் கப் மாதிரி லேசாக இருந்தால் ஊற்றலாம், கனம் மிச்சம் இருந்தால் கைவைக்க வேண்டாம். ஒரு வாரத்தில் கைக்கே தெரிந்துவிடும். கப்பின் அடியில் மூன்று ஓட்டை கட்டாயம் வேண்டும். டீ கப் அடியை நன்றாகப் பாருங்கள், ஓட்டையே போடவில்லை என்று நினைக்கிறேன்.

புதிதாக இன்னொரு முறை போடப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு விதைப்பதைச் சொல்கிறேன். விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஒரு முனை கூர், மறுமுனை மழுங்கல். வேர் வருவது கூர்முனையிலிருந்து. கூர் கீழே இருக்கும்படி, ஆட்காட்டி விரலின் முதல் கணு ஆழத்துக்கு, அதாவது ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஊன்றுங்கள். படுக்கவைத்தாலும் முளைக்கும், தலைகீழாக வைத்தால்தான் முளை சுற்றி வளைந்து வரச் சிரமப்படும். ஆழம் குறைந்தால் தோல் கழலாமலே வெளியே வந்துவிடும். மண்ணின் உராய்வுதான் தோலைக் கழற்றும்.

நம்மூர்ச் சூட்டில் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மண்ணில் மெல்லிய விரிசல் விழும். கிட்டே முகத்தை வைத்துப் பாருங்கள், அந்த விரிசலுக்குள் வெளிறிய வெள்ளையில் ஒரு வளைந்த கழுத்து, கொக்கி போல. தலை இன்னும் மண்ணுக்குள். இலை கிழியாமல் இருக்க முதுகால் மண்ணை முட்டிக்கொண்டு வருகிறது. காலையில் பார்த்த கொக்கி சாயங்காலத்துக்குள் நிமிர்ந்து, விதைத்தோலைத் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கும். விதையிலை இரண்டும் உள்ளிருந்து தள்ளித் தள்ளி, மறுநாள் தோல் விழும். விழவில்லை என்றால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். ஈரப் பஞ்சால் நாலைந்து முறை தொட்டு ஊறவைத்து, அரை மணி கழித்து விரலால் மெல்ல உருட்டினால் கழன்றுவிடும். காய்ந்த தோலை இழுத்தால் விதையிலையும் சேர்ந்து வரும், அது போனால் அந்த நாற்று போனதுதான்.

மிக முக்கியமான நேரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கொக்கி தெரிந்த அன்றே, அந்த மணிக்கே விளக்குக்கடியிலோ வெயிலிலோ இருக்க வேண்டும். முளைக்கும் வரை வெளிச்சம் வேண்டாமென்று கட்டிலுக்கடியில், அலமாரி மேலே என்று வைக்கிறோம். முளைத்த பிறகு ஒரு நாள் மறந்தாலும் இரண்டு மூன்று அங்குலம் நீட்டிவிடும். நீண்ட தண்டைக் குறைக்க எந்த மருந்தும் கிடையாது. எங்கள் தெருவில் பூ கட்டுகிற ஆயா ஒருவர் என் முதல் நாற்றுகளைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, செடி வளர்க்கறியா நூல் திரிக்கறியா? தூக்கி வெயில்ல வை" என்றார். இருபது நாள் நான் படித்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

உரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் பத்து நாளைக்கு விதையிலையே தாய்ப்பால். மண்புழு உரம் கலந்த மண்ணில் வேறெதுவும் தேவையில்லை, நீண்ட நாற்றுக்கு உரம் போட்டால் இன்னும் நீளும்.

விதையிலைக்கு மேலே சொரசொரப்பான இலை இரண்டு வரும், அதுதான் உண்மையான இலை. அது கட்டைவிரல் நகம் அளவு ஆனதும் இடம் மாற்றிவிட வேண்டும். அதற்குள் ஆணிவேர் கப்பின் அடியைத் தொட்டிருக்கும். "இன்னும் கொஞ்சம் பெரிசாகட்டும்" என்று 25 நாள் வைத்திருந்தேன் ஒரு முறை. கப்பைக் கிழித்தபோது வேர் அடியில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. நட்ட பிறகு செடி முக்கால் அடியிலேயே நின்று, பொத்தான் அளவு பூ ஒன்று பூத்து முடிந்துவிட்டது. வேரைக் கலைக்காமல் மாற்றுவதற்குக் காகித டீ கப் நல்ல பாத்திரம். பக்கவாட்டில் கத்தரியால் நறுக்கி, கப்பை உரித்து, மண்கட்டியோடு அப்படியே இறக்கலாம். காகிதக் கப்பின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், மண்ணில் மக்காது, கப்போடு புதைக்காதீர்கள். செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த கப் என்றால் அப்படியே புதைத்துவிடலாம்.

வெளியே அனுப்புவதும் படிப்படியாகத்தான். அறைக்குள் வளர்ந்த இலை மெல்லியது, முதல் நாளே மாடி வெயிலில் வைத்தால் வெளுத்துக் கருகிவிடும். முதல் நாள் காலை ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, இப்படி ஒரு வாரத்தில் முழுப் பகலுக்கு வந்துவிடலாம். காற்றையும் பழக்க வேண்டும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் மாடிகளில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வாங்கும்போது, நூல் தண்டு நாற்று நடுவில் ஒடிந்துவிடும். தண்ணீர்த் தொட்டிக்கு மறைவில், ஆனால் வெயில் விழுகிற பக்கம் வையுங்கள். லாரிப் புழுதி படியும் தெருவாக இருந்தால் வாரத்துக்கு இரண்டு முறை காலையில் இலையைத் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள், இலை மூச்சுவிடும், வெளிச்சமும் முழுசாக விழும்.

வெளியே வைத்த அன்றைக்கே ஒரு அதிசயம் பார்க்கலாம். அமெரிக்காவில் டேவிஸ் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்டேசி ஹார்மர் என்பவரின் குழு சூரியகாந்தியைப் பல வருடமாக ஆராய்கிறது. 2016இல் அவர்கள் காட்டியது: இளம் செடி பகலில் கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பி, ராத்திரியில் தானாகவே கிழக்குக்குத் திரும்பிவிடுகிறது. தண்டின் ஒரு பக்கம் பகலிலும் மறுபக்கம் இரவிலும் அதிகம் நீள்வதுதான் காரணம். முற்றிய பூ கிழக்கு பார்த்தே நின்றுவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடேறுவதால், மேற்கு பார்த்த பூவைவிட ஐந்து மடங்கு தேனீயும் பூச்சியும் அதைத் தேடி வந்தன. 2023இல் அதே குழு சொன்னது எனக்கு இன்னும் பிடித்தது. அறைக்குள் விளக்குப் பக்கம் வளைகிற செடியும், வெளியே சூரியனைப் பின்தொடர்கிற செடியும் ஒரே வேலையைச் செய்யவில்லை, உள்ளே நடக்கும் இயக்கம் வேறு வேறு. ஆனால் அறைக்குள்ளேயே வளர்ந்த செடியை வெளியே வைத்தால், முதல் நாளே சூரியனைத் தொடரத் தொடங்கிவிடுகிறது. உங்கள் ஜன்னலில் சாய்ந்து கிடப்பவைகூட மாடிக்குப் போன அன்று அதைத்தான் செய்யும். காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் ஒரு போட்டோ எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தொட்டி விஷயம் சுருக்கமாக. மார்டன் மாதிரிக் குட்டை ரகத்துக்குப் பத்து அங்குலத் தொட்டி போதும், ஒரு தொட்டிக்கு ஒரு செடி. ஆளுயரம் வருகிற ரகத்துக்கு 15 அங்குலக் குரோ பேக் (செடி வளர்க்கும் பை) வேண்டும். வயலிலேயே வீரிய ஒட்டு ரகத்துக்கு 60க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுகிறார்கள், அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே பூ பூக்கும் ரகத்தில் நுனியைக் கிள்ளிவிடாதீர்கள், பூவே அந்த நுனிதான். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் அடியுங்கள்.

மாடியை வீட்டுக்காரரோ அசோசியேஷனோ திறந்துவிட மறுக்கிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. வெயிலுக்கு வழியே இல்லை என்றால் பூ வரைக்கும் கொண்டுபோக முடியாது, அதை நேராகச் சொல்லிவிடுகிறேன். அப்போது ஒரு தட்டில் நெருக்கமாக விதைத்து, விதையிலை விரிந்து உண்மையான இலை வருவதற்கு முன்னால், பத்து நாளுக்குள் வெட்டி, வெங்காயம் எலுமிச்சை சேர்த்துச் சாப்பிடுங்கள். கொட்டைச் சுவையோடு மொறுமொறுவென்று இருக்கும். அதற்கு மருந்து கலக்காத விதை மட்டும்தான் ஆகும். விதைக்கடை விதைக்குச் சாயத்தோடு மருந்து பூசியிருப்பார்கள், அதைத் தின்னவே கூடாது.

உங்கள் ஐந்து கப்பில் தண்டு நடுவில் மடிந்துபோனது ஏதாவது இருந்தால் அதை விட்டுவிடுங்கள். மிச்சத்தை நாளைக் காலை படிக்கட்டுக்குக் கொண்டுபோங்கள். கூடவே இரண்டு கப்பில் புது மண் போட்டு, அடியில் ஓட்டை போட்டு, புதிதாக இரண்டு விதையும் ஊன்றி வையுங்கள். அவை முளைக்க நாலு நாள் இருக்கிறது, அதற்குள் அந்த எல்.இ.டி. பட்டியைத் தொங்கவிட்டுவிடலாம்.